கற்பூர வாசனை வந்த டிராயர்: அல்சூரில் ஒரு மடக்குக்கத்திச் சேகரிப்புக்கு நேர்ந்தது

“தம்பி, கத்தி டிராயரைத் திறந்தா கற்பூர வாசனை அடிக்குது. பித்தளையெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. கொஞ்சம் வந்து பார்க்கிறியா?”

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை வந்த போன் இது. பேசியவர் பெங்களூரு அல்சூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மாமா. ரத்த உறவு இல்லை. பழைய பேனாக்கத்திகள்மேல் இருவருக்கும் இருக்கும் பிரியம்தான் உறவு. சிக்பேட்டைப் பக்கம் கூடும் சண்டே பஜாரில், தரையில் விரித்த சாக்குத் துணியில் கிடந்த ஒரே கத்திக்கு இருவரும் கை நீட்டியபோது பழக்கமானோம். அன்று அவர் எனக்கு விட்டுக்கொடுத்தார். பதினைந்து வருடமாகிறது.

அவர் வீட்டில் அடுத்த சில வாரங்களில் நாங்கள் கண்டுபிடித்ததை முழுதாக எழுதி வைக்கிறேன். பழைய மடக்குக்கத்தி இரண்டு மூன்று வைத்திருப்பவர் வீட்டிலும் இதே விபத்து நடக்கலாம். நடந்தால் பெரும்பாலும் மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டு, உண்மையான காரணத்தை அதே பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவோம்.

சேகரிப்பு

மாமாவுக்கு அப்போது 74 வயது. அரசுத் தொழிற்சாலை ஒன்றின் டூல்ரூமில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்களை இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து வீடு திரும்பியபோது அவர் இடுப்பில் ஒரு பட்டாளத்து மடக்குக்கத்தி தொங்கியது. ஒரு பெரிய அலகு, டின் திறக்கும் கொக்கி, முதுகுப் பக்கம் கயிற்று முடிச்சை நெகிழ்த்தும் கூரான இரும்பு முள், கறுப்பில் சொரசொரப்பான பிடி. அலகின் அடியில் பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடையாளமான அகன்ற அம்பு முத்திரையும் 1943 என்ற ஆண்டும் இருந்தன. சந்தையில் இது அபூர்வமான கத்தி கிடையாது. போர்க்காலத்தில் ஏராளமாகச் செய்தார்கள். ஆனால் மாமா பென்சில் சீவக் கற்றுக்கொண்டது இதில்தான்.

அதிலிருந்து வளர்ந்து 58 கத்திகள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் கம்பெனிக் கத்திகள் இரண்டு: 1764இல் அவர்களுக்கு முத்திரையாகக் கிடைத்த நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அலகில் தெளிவாக இருக்கும். ஜார்ஜ் வோஸ்டன்ஹோமின் ஐ.எக்ஸ்.எல் முத்திரைக் கத்தி ஒன்று. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் ஒரு கைப்பிடி அளவு. பிரான்சின் ஓப்பினெல் 8ஆம் எண், கார்பன் ஸ்டீல் அலகு. சுவிஸ் ராணுவச் சிப்பாய்களுக்குக் கொடுத்த 93 மில்லிமீட்டர் அலாக்ஸ், அதாவது அலுமினியப் பிடிக் கத்திகள் நான்கு. 1961இல் வந்த அந்த மாடலின் அலகடியில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை அடித்திருப்பார்கள். 2008 வரை அந்த வரிசை ஓடியது. அமெரிக்காவின் ‘கேஸ்’ கம்பெனிக் கத்தி ஒன்றும் இருக்கிறது. 1970இல் அந்தக் கம்பெனி முத்திரைக்கு அடியில் பத்துப் புள்ளிகள் வைத்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. மாமாவிடம் இருப்பதில் ஆறு புள்ளி. அப்படியானால் 1974. இந்தக் கணக்கைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் காட்டும்போது அவர் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

அவருடைய மகன் வேறு மாதிரி. விக்டோரினாக்ஸ் ஆண்டுக்கு ஒரு நிறத்தில் வெளியிடும் அலாக்ஸ் சிறப்புப் பதிப்புகளை வாங்குவான்: 2021இன் புலி ஆரஞ்சு, 2022இன் இடிமேகச் சாம்பல். பெட்டியைப் பிரிப்பதே இல்லை. அப்பா அலகைத் திறந்து மாம்பழம் நறுக்குவார். மகன் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்பான். எனக்கு இரண்டும் புரியும். ஆனால் மடக்குக்கத்தி மூடும்போது வரும் அந்தச் ‘சடக்’ ஒலியைக் கேட்காமல் அதை எப்படி நம்முடையது என்று சொல்வது என்று தோன்றும்.

இத்தனைக்கும் நடுவில் மாமாவுக்கு மிகப் பிடித்தது ஒரு சின்னக் கத்தி. 1971இல் முதல் சம்பளம் வாங்கிய அன்று சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் 12 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டு அலகு, ஜெர்மன் சில்வர் முனைகள், ஆமையோடு போலத் தேன் நிறமும் பழுப்பும் கலந்து ஒளி ஊடுருவும் பிடி. அலகடியில் ‘சோலிங்கன்’ என்ற சொல் மட்டும் படிக்க முடிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பதநீர்ப் பாகு போல மின்னும்.

பெட்டி மாறியது

ஐம்பது வருடமாக இந்தக் கத்திகள் பழைய பிஸ்கட் டின்களில், கிழித்த வேட்டித் துணியில் சுற்றி இருந்தன. டின் மூடி ஒன்றும் சரியாகப் பொருந்தாது. ஞாயிறுதோறும் காலை டிபனுக்கு அப்புறம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மதியம் வரை மேஜையில் பரப்பி வைத்திருப்பார்.

2022இல் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். அதே சமயம் மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மகன் அப்பாமேல் உள்ள அக்கறையில், காற்றுப் புகாத இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கி, உள்ளே ஃபோம் வெட்டிக் குழி அமைத்து, நல்ல கத்திகளாகப் பொறுக்கி அடுக்கினான். முதல் பெட்டியில் நான்குக்கு நான்காகப் பழைய கத்திகள் 16. இரண்டாம் பெட்டியில் பத்து: ஓப்பினெல், கேஸ், சுவிஸ் கத்திகள், சிறப்புப் பதிப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பை. மீதி 32 கத்திகள் பழைய டின்களிலேயே கீழ் டிராயரில் தங்கின. கண் சரியாகும்வரை என்று நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை வழக்கம் அப்படியே நின்றுபோயிற்று. பெட்டிகளைப் பதினான்கு மாதம் யாரும் திறக்கவில்லை.

திறந்தபோது

நான் போனபோது மாமா எதையும் தொடாமல் வைத்திருந்தார். டூல்ரூம் ஆள், தடயத்தைக் கலைக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

முதல் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் கற்பூரம் அடித்தது. அதற்குப் பின்னாலேயே மூக்கைக் குத்தும் வேறொரு நெடி. நகரத்பேட்டைத் தங்கப்பட்டறைகளில் உரைகல்லில் இழைத்த பொன்மேல் வெடியுப்புத் திராவகம் தொட்டு வைக்கும்போது வருமே, அதன் மெல்லிய வடிவம். அந்த இரண்டாவது நெடிதான் முக்கியம் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் கற்பூரம்தான் முதலில் பட்டது. பூச்சிக்காக அத்தைதான் கற்பூரமோ அந்துருண்டையோ போட்டிருப்பார்கள் என்று மாமா நினைத்திருந்தார்.

“நான் ஏன் உங்க கத்திப் பெட்டியில கற்பூரம் போடறேன்? சாமி ரூம் டப்பாவை விட்டு அது நகர்ந்ததே இல்லை” என்றார் அத்தை. ஃபோமைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு துண்டுகூட இல்லை.

பதினாறில் ஒன்பது கத்திகள் பாதிக்கப்பட்டிருந்தன. இரும்பில் செந்துரு, உள்தகட்டுப் பித்தளையில் பச்சைக் களிம்பு. ‘செம்பில் களிம்பு’ என்று சைவர்கள் சொல்வது உயிரோடு கூடவே பிறந்த மலம் என்ற அழுக்குக்கு. இந்தக் களிம்போ பக்கத்துக் குழியிலிருந்து வந்து ஏறியது. அதை நிச்சயப்படுத்தத்தான் எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

மழையா, தோலா, கையா

முதலில் ஈரத்தைத்தான் சந்தேகப்பட்டோம். ஆகஸ்ட் பெங்களூரில் துணியே காயாது. ஆனால் அதே டிராயரில் அடுத்திருந்த இரண்டாம் பெட்டியைத் திறந்தால் ஒரு புள்ளித் துரு இல்லை. அதில் இருந்தது எல்லாம் துருவேறா எஃகு என்றால் சரி எனலாம். ஓப்பினெலின் கார்பன் ஸ்டீல் அலகு, ஈரக்கையால் தொட்டு அப்படியே வைத்தாலே ஒரே நாளில் பழுப்பாகிவிடும். அது பளபளவென்று இருந்தது. கீழ் டிராயரில் மூடி பொருந்தாத டின்களில் கிடந்த 32 கத்திகளும் நலம். ஈரம்தான் காரணம் என்றால் காற்று உள்ளே போய்வரும் டின்களில் இருந்தவைதான் முதலில் துருப்பிடித்திருக்க வேண்டும்.

அடுத்து தோல் உறை. பதப்படுத்திய தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் பித்தளையைப் பச்சையாக்கும். கத்தியை உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் வைக்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம். ஆனால் பெட்டிக்குள் தோலே இல்லை. கை வியர்வை உப்பாக இருந்தால் விரல் பட்ட இடத்தில் ரேகை போலத் துரு விழும். இங்கே அப்படி விழவில்லை.

பிறகு நான் ஒரு கிராஃப் தாளில் பதினாறு கட்டம் போட்டு, எந்தக் குழியில் எந்தக் கத்தி, எவ்வளவு துரு என்று குறித்தேன். குறித்து முடித்ததும் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வரிசையில் மூன்றாம் குழியைச் சுற்றி இருந்த எட்டும் மோசம். அதற்கு அப்பால் இருந்த ஏழும் சுத்தம். நடுக்குழியில் இருந்தது அவருடைய 1971 கத்தி. அதன் வலது பக்கத்துக் குழியில் அப்பாவின் பட்டாளத்துக் கத்தி.

1971 கத்தியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தோம். பிடிக்குள் நுண்ணிய குமிழ்கள். அடிபட்ட கண்ணாடி போல உள்ளுக்குள்ளேயே விரிசல் வலை. ரிவிட் ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சை வளையம். பிடியின் மேல் லேசான பிசுபிசுப்பு. அலகைத் திறந்தால் பிடிக்குள் புதைந்திருந்த பாகம் கருஞ்சிவப்பாக அரித்திருந்தது, வெளியே தெரியும் முதுகு ஏறக்குறைய நன்றாக இருந்தது. நச்சு கத்தியின் உள்ளிருந்தே வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

உறுதிக்காக ஒரு சோதனை. பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கு விற்கும் நீல லிட்மஸ் தாளை வாலை வடிநீரில் நனைத்து, 1971 கத்தியோடு ஒரு கண்ணாடி ஜாடியில் தொங்கவிட்டோம். இன்னொரு தாளை வெறும் ஜாடியில். மறுநாள் காலை கத்தி இருந்த ஜாடியில் தாள் சிவந்திருந்தது, வெறும் ஜாடியில் நீலம் மாறவில்லை. லிட்மஸ் அமிலம் என்று மட்டும்தான் சொல்லும்; எந்த அமிலம் என்று சொல்லாது. அதைச் சொன்னது கற்பூரம்.

பிடியில் இருந்த கற்பூரம்

அந்தப் பிடி ஆமையோடு இல்லை, செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். பருத்தி போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் வினைபுரிய வைத்து, வரும் செல்லுலோஸ் நைட்ரேட்டோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால் செல்லுலாய்டு. கற்பூரம் கால் பங்கு அளவுக்கு இருக்கும்; அந்தப் பொருளுக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருவது அதுதான். அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் 1870இல் காப்புரிமை எடுத்தார். பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடிய முயற்சியில் பிறந்தது. பிறகு சீப்பு, கண்ணாடி பிரேம், பொம்மை, பேனா, கத்திப் பிடி என்று அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க அதுவே ஓடியது. டேபிள் டென்னிஸ் பந்துகூட 2014 வரை செல்லுலாய்டுதான். பழைய சினிமாப் படச்சுருளும் இதே குடும்பம். தமிழின் தொடக்ககாலப் பேசும் படங்கள் பலவற்றின் பிரதி இன்று எங்கும் இல்லாமல் போனதற்கு அந்த நைட்ரேட் சுருளும் ஒரு காரணம்.

செல்லுலாய்டு வயதாகும்போது இரண்டு காரியம் நடக்கும். சாமி அறையில் திறந்து வைத்த கற்பூரம் கரைந்து காணாமல் போவதுபோல, பிடிக்குள் இருக்கும் கற்பூரமும் மெல்ல ஆவியாகும். பிடி சுருங்கி வெடிக்கும். கூடவே நைட்ரேட் பகுதி சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கிளம்பும். அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம், தங்கப்பட்டறையின் அதே வெடியுப்புத் திராவகம். அந்த அமிலம் மறுபடி பிடியையே தாக்கிச் சிதைவை வேகப்படுத்தும். தன்னைத் தானே ஊதிப் பெருக்கிக்கொள்ளும் வினை இது.

வாயு வெளியே போக வழி இருந்தால் இந்த வேகம் மட்டுப்படும். பொருந்தாத டின் மூடியும் ஞாயிற்றுக்கிழமை மேஜையும் ஐம்பது வருடம் அந்தக் கத்தியைக் காப்பாற்றின, பக்கத்தில் இருந்தவற்றையும் காப்பாற்றின. காற்றுப் புகாத பெட்டி அதைச் சொந்த மூச்சிலேயே மூழ்கடித்துவிட்டது. சிலிக்கா ஜெல் ஈரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கும். அமில வாயுவை அடக்க அதை நம்ப முடியாது.

அதே பெட்டியில் செல்லுலாய்டுப் பிடிகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று தந்தம் போன்ற வெள்ளை, இன்னொன்று சிவப்பும் பால்நிறமும் கோடிட்டது. கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் இரண்டிலும் கற்பூரம் வந்தது. ஆனால் விரிசல் இல்லை, களிம்பு இல்லை, தனி ஜாடியில் வைத்த லிட்மஸும் சிவக்கவில்லை. இதற்கும் காரணம் உண்டு. ஒளி ஊடுருவாத வெள்ளைச் செல்லுலாய்டில் நிறத்துக்காகத் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். அது அமிலத்தைத் தின்றுவிடும். ஆமையோடு போன்ற ஒளி ஊடுருவும் வகையில் அந்தக் காவல் கிடையாது. அதனால் கெட்டுப்போவதில் அதுவே முந்திக்கொள்ளும். அழகான பிடிகள் முதலில் போவது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை.

வெள்ளைப் பிடிக் கத்தியை விற்றவர் அந்தக் காலத்தில் ‘அசல் யானைத் தந்தம்’ என்று சொல்லித்தான் மாமாவிடம் கொடுத்தாராம். தந்தம் இல்லாதது நல்லதாயிற்று. இந்தியாவில் தந்த வியாபாரத்துக்கு முழுத் தடை இருக்கிறது. அடையாளம் காண்பது எளிது. அசல் தந்தத்தின் வெட்டுமுகத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சாய்சதுர வலை போல் இருக்கும். செல்லுலாய்டுப் போலியில் கோடு நேராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், சில சமயம் கோடே இருக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிடி எதனால் ஆனது என்று பார்க்கச் சிலர் ஊசியைச் சூடாக்கிக் குத்துவார்கள். செய்யவே கூடாது. செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும் பொருள். சிதைய ஆரம்பித்த செல்லுலாய்டு இன்னும் மோசம். கட்டைவிரலும் மூக்கும் போதும். கற்பூரம் வந்தால் செல்லுலாய்டு. காடி வாசனை வந்தால் செல்லுலோஸ் அசிடேட். பழைய கார்பாலிக் சோப்பு வாசனை வந்தால் பேக்லைட்.

செய்தது

மூன்று செல்லுலாய்டுக் கத்திகளையும் உடனே பிரித்தோம். 1971 கத்தி மாடிப்படி வளைவில், வெயில் படாத, காற்றோட்டமான அலமாரித் தட்டில் ஒரு எவர்சில்வர் தட்டின்மேல் தனியாகப் போயிற்று. சாமி அறையும் சமையலறையும் தூரம். மற்ற இரண்டும் வேறு தட்டில், ஒன்றையொன்று தொடாமல்.

பாதிக்கப்பட்ட மற்ற எட்டில் முதல் வேலை, எஃகிலிருந்து அமிலத்தை நீக்குவது. கையுறை போட்டுக்கொண்டு, ஆப்பசோடாவை வாலை வடிநீரில் கரைத்து, துணியில் நனைத்து அலகுகளைத் துடைத்தோம். உடனே வெறும் வடிநீரால் துடைத்து, குளிர்காற்று வைத்த ஹேர் டிரையரால் உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய். எலும்புப் பிடிகளில் சோடா படாமல் பார்த்துக்கொண்டோம். உள்தகட்டுக் களிம்பை எண்ணெயில் தோய்த்த மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தோம். அத்தை புளி கொண்டு வந்து வைத்தார்கள். குத்துவிளக்குக்குச் சரி, கத்திக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மூட்டுக்குள் புளி போனால் அமிலத்தை எடுத்த இடத்தில் வேறு அமிலத்தை வைத்ததாகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். டிசம்பர்க் குளிரில் உறையும்.

ராஜர்ஸ் இரண்டும் சுலபமாகத் தேறின. ஐ.எக்ஸ்.எல்லின் சின்ன அலகில் ஊசிக்குத்துப் போலக் குழிகள் நின்றுவிட்டன. பட்டாளத்துக் கத்திதான் எங்களை வருத்தியது. பெரிய அலகு நகரவே இல்லை. நகக்குழியில் நகம் வைத்து இழுத்தால் நகம்தான் போகும். குறடு வைத்து இழுக்கலாம் என்று மகன் சொன்னான். பழைய கத்திகளில் அலகு உடைவதும் ஸ்பிரிங் முறிவதும் அந்த ஒரு இழுப்பில்தான். மூட்டில் எண்ணெய் விட்டு, ஒரு நாள் விட்டு, மறுபடி விட்டு, நான்காம் நாள் மாமா தன் விரலாலேயே திறந்தார். மயிரிழை மயிரிழையாக வந்தது.

உள்ளே துரு தடித்திருந்தது. அவர் உடனே எழுந்து, மாடியில் வைத்திருக்கும், பாலிஷ் போடும் பஃப் வீலை எடுக்கக் கிளம்பிவிட்டார். 35 வருடப் பழக்கம்.

“மாமா, வீல் வேண்டாம். அம்பு போயிடும்.”

நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். “அப்போ நீயே சொல்லு, எப்படின்னு.”

நான்கு சைபர் என்று எண்ணிட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் எண்ணெய் தோய்த்து, அழுத்தாமல், அலகின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தோம். செந்துரு போய்க் கருங்கறை நின்றதும் நிறுத்திவிட்டோம். அலகடி முத்திரையைத் தேய்க்கவே இல்லை. பல்குத்தும் குச்சி முனையால் தூசியை மட்டும் எடுத்து, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தோம். அம்பு முழுதாக இருந்தது. ஆண்டில் 194 தெளிவு. கடைசி 3இன் கீழ்ப்பாதியை அமிலம் தின்றிருந்தது. மாமா ஒரு மெல்லிய தாளை அதன்மேல் வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, தேதி எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பையில் வைத்தார்.

மகன்

இதில் அதிகம் உடைந்துபோனவன் மகன். “அண்ணா, நான்தானே அந்தப் பெட்டியை வாங்கினேன்” என்று படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் செய்தது தப்பான காரியம் இல்லை என்பதை இங்கேயும் எழுதுகிறேன். துருவேறா எஃகும் அலுமினியமும் உள்ள சுவிஸ் கத்திகளுக்கு அந்தப் பெட்டி நல்ல வீடு. இரண்டாம் பெட்டி அதற்கு சாட்சி. கத்தி வாங்கும்போது அலகின் எஃகைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறோம், பிடி எதனால் ஆனது என்று கேட்பதில்லை. மாமாவும் கேட்கவில்லை, பதினைந்து வருடமாக அந்தக் கத்தியை அவர் வீட்டில் கையில் எடுத்துப் பார்த்த நானும் கேட்கவில்லை. பிடி எது என்று தெரியாமல் எந்தப் பழைய கத்தியையும் காற்றுப் புகாத இடத்தில் வைக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். அந்த வகை ஃபோம் சில வருடங்களில் தானே நைந்து பிசுபிசுக்கும், கத்தியில் ஒட்டும். அவன் அதை எடுத்துவிட்டு, கொதிக்கவைத்துக் கஞ்சி போக்கிய கோரா துணியை மடித்து வைத்தான். சிறப்புப் பதிப்புகளையும் முதல் தடவையாகப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தான். புலி ஆரஞ்சைத் திறந்து மூடியபோது, “சத்தம் நல்லா இருக்கு, அப்பா” என்றான்.

பதினொரு மாதம் கழித்து

2024 ஜூலையில் மறுபடி எல்லாவற்றையும் சோதித்தோம். முதல் பெட்டியை இப்போது மூடியில்லாமல் வைத்திருக்கிறார்கள். அதில் தொங்கவிட்ட லிட்மஸ் மூன்று நாளும் நீலம். ஒன்பதில் ஏழு கத்திகளில் புதுத் துரு இல்லை. ஐ.எக்ஸ்.எல்லில் ஒரு மூலையில் மட்டும் மறுபடி பழுப்பு துளிர்த்திருந்தது, துடைத்து எண்ணெய் விட்டோம். வெள்ளைப் பிடியும் கோடு போட்ட பிடியும் அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மேஜை திரும்பவும் வந்துவிட்டது. இப்போது மகனும் உட்காருகிறான்.

1971 கத்தி தப்பவில்லை. ஏப்ரல் வெயிலில் பிடி இரண்டு இடத்தில் பொடிந்து உதிர்ந்தது. எங்களுக்குத் தெரிந்த வரை, இந்தச் சிதைவு தொடங்கிவிட்டால் திருப்ப வழியில்லை, மெதுவாக்கத்தான் முடியும். பிடியை எடுத்துவிடுவது என்று மாமாதான் முடிவு செய்தார். ரிவிட்டுகளை அவரே தட்டி எடுத்தார். பொடிந்த பிடித் துண்டுகளைத் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு, குப்பை வண்டிக்காரரிடம் தீப்பிடிக்கும் பொருள் என்று சொல்லித் தனியாகக் கொடுத்தோம். அலகுகளையும் ஸ்பிரிங்கையும் பித்தளைத் தகடுகளையும் மாதக் கணக்கில் துடைத்துத் துடைத்து எண்ணெயில் வைத்திருந்தார்.

வீட்டில் பழைய கட்டில் காலில் மிஞ்சிய ஈட்டி மரத் துண்டு ஒன்று கிடந்தது. அதிலிருந்து புதுப் பிடி இழைக்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. மேல்பிடியை மாட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். பிடி மாற்றிய கத்தியை அசல் என்று விற்பது இந்த உலகத்தில் நிறைய நடக்கும். தன் காலத்துக்கு அப்புறம் இது யார் கைக்குப் போனாலும் அவரும் ஏமாறக் கூடாது, வாங்குபவரும் ஏமாறக் கூடாது என்றார். தன் டூல்ரூம் பெட்டியிலிருந்து உலோகத்தில் எண் அடிக்கும் பஞ்ச் உளிகளை எடுத்தார். பிடிக்கு அடியில் மறையப்போகும் பித்தளைத் தகட்டை இரும்புக் கட்டையின்மேல் வைத்து, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, 2024 என்று நான்கே அடியில் அடித்தார்.